பட்டம் இல்லாமலும் ஆய்வகத்துக்குள் நுழையலாம்

ஜொகூர், மாசாய் வட்டாரத்தில் நடந்த பெற்றோர் கூட்டம் ஒன்றில், தொழிற்சாலை ஆய்வகத்தில் பணிபுரியும் அன்பர் ஒருவர் ஆற்றிய உரை இது. பேசியபடியே, சில இடங்களை மட்டும் சுருக்கித் தருகிறோம்.



இன்று ஞாயிற்றுக்கிழமை. வாரம் முழுக்க உழைத்துவிட்டு ஒரு நாள் ஓய்வு கிடைக்கும்போது அதையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். சிலர் சிங்கப்பூரில் இரவு ஷிப்ட் முடித்து நேராக இங்கே வந்திருப்பது கண்களைப் பார்த்தாலே தெரிகிறது. ஆகவே நான் சுற்றி வளைக்கப் போவதில்லை. எஸ்.பி.எம். தேர்வில் ஏழு ஏ, எட்டு ஏ எடுக்காத பிள்ளை அறிவியல் துறையில் வேலைக்குப் போக முடியுமா? முடியும். எப்படி முடியும், எங்கே ஏமாந்து போவோம் என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

என் அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன்.

1970களில் நாங்கள் குளுவாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். அம்மாவுக்கு அங்கே பூத்தூள் போடும் வேலை. இங்கே உட்கார்ந்திருக்கும் மூத்த அம்மாமார்களில் ஒன்றிரண்டு பேர் அந்த வேலையைச் செய்திருக்கலாம். தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில்தான் வரும். ஆனால் ஒரே சமயத்தில் வராது. ஒரு மரத்து ஆண் பூவின் தூள் இன்னொரு மரத்துப் பெண் பூவில் போய்ச் சேர வேண்டும். ஆப்பிரிக்காவில் அதைச் செய்ய ஒரு வண்டு இருந்தது. மரத்தை இந்தப் பக்கம் கொண்டுவந்த வெள்ளைக்காரர்கள் வண்டைக் கொண்டுவரவில்லை. இங்கிருந்த சின்னப் பூச்சிகளும் காற்றும் போதவில்லை. ஆகவே வண்டின் வேலையை நம் பெண்கள் செய்தார்கள்.

ஆண் பூவை வெட்டி, தூளை உதிர்த்துக் காயவைத்து, டால்கம் பவுடரோடு கலந்து, ஊதும் குழலில் நிரப்பிக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பார்கள். பெண் பூ விரிந்த பிறகு இரண்டு மூன்று நாள்தான் தூளை ஏற்கும். அந்த நாளைத் தவறவிட்டால் குலை சரியாகப் பிடிக்காது. எந்தப் பூ இன்று தயார், எது நாளைக்கு, எது முடிந்துவிட்டது என்று அம்மா நிறத்தைப் பார்த்தே சொல்வார். வெளிர் மஞ்சளாக இருந்தால் தயார். சிவந்து கருக்க ஆரம்பித்தால் முடிந்தது. பூ தயாராக இருந்தால் கிட்டப் போகும்போதே சோம்பு வாசம் வரும் என்பார். நான் சின்னப் பையன், அம்மா கதை சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் படித்தேன், அந்தப் பூவில் சோம்பு வாசம் தரும் பொருள் உண்மையாகவே இருக்கிறது. அந்த வாசம்தான் ஆப்பிரிக்காவில் வண்டை அழைக்கிறது.

ஒரு பல்கலைக்கழக மாணவர் இதையே செய்து குறிப்புப் புத்தகத்தில் எழுதினால் அதற்குப் பெயர் தாவரவியல் ஆய்வு. என் அம்மா செய்தால் அதற்குப் பெயர் நாட்கூலி.

பிறகு வண்டு வந்தது. லெஸ்லி டேவிட்சன் என்று ஒரு தோட்ட நிர்வாகி. அவர் பூச்சியியல் நிபுணர் அல்ல. கேமரூன் நாட்டுத் தோட்டத்தில் வேலை செய்தபோது செம்பனைப் பூக்களில் சின்னச் சின்ன வண்டுகள் மொய்ப்பதைப் பார்த்திருந்தார். செம்பனையில் காற்றுதான் தூளைச் சுமக்கிறது என்று நிபுணர்கள் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அவர் விடவில்லை. பிறகு ஆர். ஏ. சையத் என்ற பூச்சியியலாளர் கேமரூனுக்குப் போய் ஆராய்ந்து, இந்த வண்டு வேறு பயிர்களைத் தின்னாது என்று சோதித்துப் பார்த்த பிறகு, 1981-ல் அதை இங்கே கொண்டுவந்தார்கள். தீபகற்பத்தில் முதன்முதலாக விட்ட இடம் எது தெரியுமா? நம் குளுவாங் வட்டாரம்தான். ஓரிரு ஆண்டுகளில் நாடு முழுக்கப் பரவிவிட்டது. கையால் தூள் போடும் வேலை முடிவுக்கு வந்தது.

வண்டின் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வெயிலில் நாளெல்லாம் நடக்கும் அந்த வேலை போனதே நல்லது. என் வருத்தம் வேறு. அத்தனை ஆண்டுகள் பூவின் வயதைக் கண்ணாலும் மூக்காலும் கணக்கிட்ட அம்மாவை அடுத்த வாரமே களை எடுக்க அனுப்பினார்கள். அவருக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காட்டுவதற்கு அவரிடம் ஒரு தாள் இல்லை.

இந்தத் தாள் இல்லாத கதை என் வாழ்க்கையிலும் நடந்தது. 1988-ல் எஸ்.பி.எம். எழுதினேன். கணிதமும் அறிவியலும் பரவாயில்லை, மற்றவை சுமார். படிவம் ஆறுக்குப் போக முடியவில்லை. அப்பா ஒரு செம்பனை ஆலையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுச் சேர்த்துவிட்டார். எந்த ஆலை என்று இங்கே சொல்லத் தேவையில்லை. முதல் மூன்று மாதம் குலை இறக்கும் இடத்தில் வேலை. பிறகு ஆய்வகத்தில் பாட்டில் கழுவ ஒருவர் வேண்டும் என்றார்கள். போனேன்.

செம்பனை ஆலை ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ஆய்வகம் இருக்கும். குலையை வெட்டி நேரத்தோடு வேக வைக்காவிட்டால், காயம் பட்ட பழத்துக்குள் இருக்கும் நொதி எண்ணெயை உடைக்க ஆரம்பிக்கும். அப்போது எண்ணெயில் அமிலம் ஏறும். அமிலம் 5 சதவீதத்தைத் தாண்டினால் வாங்குகிறவர் முகம் சுளிப்பார், விலை குறையும். ஆகவே சில மணி நேரத்துக்கு ஒரு தடவை எண்ணெய் எடுத்துச் சோதிக்க வேண்டும். எண்ணெயை நிறுத்து, ஆல்கஹாலில் கரைத்து, இரண்டு மூன்று துளி ஃபினாப்தலீன் விட்டு, பியூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். இளஞ்சிவப்பு வந்து நின்றால் நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் கணக்கு தப்பு. படிவம் நான்கு ரசாயனப் புத்தகத்தில் பார்த்த அதே டைட்ரேஷன்தான். பள்ளியில் எனக்கு அது ஏறவே இல்லை. ஆலையில் ஒரு மாதத்தில் ஏறிவிட்டது. ஏனென்றால் அங்கே நான் தப்பாகச் சொன்னால் ஒரு டாங்கி எண்ணெய் தப்பான விலைக்குப் போகும்.

பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று சொல்லும் பெற்றோர்களே, சில பிள்ளைகளுக்கு ஏறாதது பாடம் அல்ல, பாடம் நடத்தும் விதம். கையில் பொருளைக் கொடுத்தால் மூளை வேலை செய்யும் பிள்ளைகள் உண்டு. நான் அப்படி ஒருவன்.

பன்னிரண்டு ஆண்டுகள் அந்த ஆய்வகத்தில் இருந்தேன். ஈரம், அழுக்கு, நாரிலும் சாக்கடையிலும் வீணாகும் எண்ணெய், கொதிகலன் தண்ணீர் என்று எல்லாவற்றையும் சோதித்தேன். புதிதாக வந்த பட்டதாரிகளுக்கு நான்தான் கருவிகளைக் காட்டிக்கொடுப்பேன். ஆனால் சம்பளச் சீட்டில் என் பதவி கடைசி வரைக்கும் ‘பெக்கெர்ஜா அம்’, அதாவது பொதுத் தொழிலாளி. 2001-ல் ஆலை கைமாறியது. புது நிர்வாகம் பொதுத் தொழிலாளர்களைக் குறைத்தது. பட்டியலில் என் பெயரும் இருந்தது. வெளியே போய் வேறு ஆய்வகங்களில் கேட்டேன். சான்றிதழ் இருக்கிறதா என்றார்கள். இல்லை. அடுத்த சில ஆண்டுகள் லோரி ஓட்டினேன், பாதுகாவலராக நின்றேன், உணவுக்கடையில் வேலை பார்த்தேன்.

மீண்டு வந்தது எப்படி? திறன் மேம்பாட்டுத் துறை, ஜே.பி.கே. என்பார்கள், அங்கே ஒரு வழி இருக்கிறது. ஏற்கெனவே வேலை செய்து கற்றுக்கொண்டதை எடை போட்டுச் சான்றிதழ் கொடுக்கும் முறை. மலாயில் அதன் சுருக்கம் பி.பி.டி. ஒரு நண்பர் சொல்லித்தான் தெரிந்தது. செய்த வேலைக்கு ஆதாரம் திரட்ட வேண்டும். பழைய குறிப்பேடுகள், படங்கள், கூட வேலை செய்தவர்களின் கடிதம் என்று ஒரு கோப்பு செய்து கொண்டுபோனேன். மதிப்பீட்டாளர் உட்கார வைத்துத் துருவித் துருவிக் கேட்டார். 2008-ல் என் கைக்கு முதல் சான்றிதழ் வந்தது. அப்போது எனக்கு வயது முப்பத்தேழு. இன்று இருக்கும் வேலை அந்தத் தாளால் வந்தது. பன்னிரண்டு ஆண்டு வேலை எனக்குத் தராத மரியாதையை ஒரு தாள் தந்தது என்றால், அந்தத் தாளை என் பிள்ளை வயதுக்காரர்கள் பத்தொன்பது வயதிலேயே வாங்கிவிட வேண்டும் என்று நான் அலைவதில் தப்பு உண்டா?

பத்தொன்பது வயதில் வாங்கும் வழிக்குப் பெயர் தொழில் பழகுநர் பயிற்சி. மலாயில் ‘பெராந்திஸ்’. ஒரு நிறுவனத்தில் ஆளாகச் சேர்ந்து, பெரும்பாலான நாட்கள் வேலை இடத்திலும் மிச்ச நாட்கள் பயிற்சி மையத்திலும் கற்றுக்கொள்வது. ஜெர்மனியில் இது மிகப் பழைய வழக்கம். அங்கே ரசாயன ஆய்வகத் தொழில்நுட்பர் ஆவதற்குப் பல்கலைக்கழகம் போக வேண்டியதில்லை. மூன்றரை ஆண்டு பழகுநராக இருந்து தேர்வு எழுதினால் போதும், மரியாதையான வேலை. அந்த ஜெர்மன் முறையைப் பார்த்துத்தான் நம் நாட்டில் 2005-ல் எஸ்.எல்.டி.என். என்ற இரட்டைப் பயிற்சி முறையைக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய எழுபது, எண்பது சதவீதம் வேலை இடத்தில், மிச்சம் வகுப்பில்.

திறன் சான்றிதழுக்கு ஐந்து படிகள் உண்டு. முதல் மூன்று படி எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ். நான்காவது படி திறன் டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் இவற்றுக்கு அடிப்படை. கீழ்ப் படியில் ஏற பெரிய மதிப்பெண் கேட்பதில்லை. மலாயோ ஆங்கிலமோ எழுதப் படிக்கத் தெரிந்தால் தொடங்கலாம். மேலே போகப் போகக் கடினம். டிப்ளோமா படியைத் தொட்டவர்கள் பட்டப்படிப்புக்குப் போகவும் கதவு இருக்கிறது. நாட்டில் நான்கு தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் இப்படிப்பட்டவர்களை எடுக்கின்றன. அதில் ஒன்று நம் ஜொகூரிலேயே, பத்து பகாட் பக்கம் பாரிட் ராஜாவில் இருக்கிறது, துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகம். ஆகவே பல்கலைக்கழகம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். போக முடிந்த பிள்ளை நேராகப் போகட்டும். முடியாத பிள்ளைக்குக் கதவு மூடிவிட்டது என்று நினைக்காதீர்கள் என்கிறேன்.

இந்த இடத்தில் நம் இயக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம். முடிவு வந்ததும் மெட்ரிகுலேஷன் இடத்துக்காகப் போராடுகிறோம். நல்ல மதிப்பெண் எடுத்தும் இடம் கிடைக்காத பிள்ளையின் படம் பத்திரிகையில் வருகிறது. போராட வேண்டியதுதான். 2024-ல் பத்து ஏ எடுத்த எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் மெட்ரிகுலேஷன் இடம் என்று அரசாங்கம் முடிவெடுத்ததில் அந்தக் குரல்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் மூன்று கிரெடிட் எடுத்த பிள்ளையின் படம் எங்காவது வந்திருக்கிறதா? அந்தப் பிள்ளைதான் நம்மில் அதிகம். அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, எத்தனை பேர் பாதியில் விட்டார்கள் என்று ஆண்டுதோறும் கேட்டு வாங்க வேண்டியதும் உரிமைப் போராட்டம்தான்.

இனி இந்தப் பக்கத்து வேலைகளைப் பார்ப்போம். 2019 மார்ச் மாதம் எல்லாருக்கும் நினைவிருக்கும். சுங்கை கிம் கிம் ஆற்றில் யாரோ ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். பிள்ளைகள் மூச்சுத் திணறி மயங்கினார்கள். பாசிர் கூடாங் வட்டாரத்தில் 111 பள்ளிகளை மூடினார்கள். வாட்ஸ்அப்பில் ஆயிரம் வதந்தி. அப்போது காற்றில் என்ன இருக்கிறது, தண்ணீரில் என்ன இருக்கிறது என்று சொன்னது யார்? கருவியைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனவர்கள், பாட்டிலில் மாதிரி எடுத்து முத்திரை வைத்தவர்கள், ஆய்வகத்தில் இரவெல்லாம் அதைச் சோதித்தவர்கள். அவர்களில் பட்டதாரிகளும் உண்டு, எஸ்.பி.எம். முடித்து வேலையில் கற்றுக்கொண்டவர்களும் உண்டு. மாதிரி எடுப்பது சாதாரண வேலை என்று நினைக்காதீர்கள். அழுக்குப் பாட்டிலில் எடுத்தால், வெயிலில் வைத்தால், நேரம் குறிக்காமல் விட்டால், அதன் பிறகு எவ்வளவு பெரிய விஞ்ஞானி சோதித்தாலும் பிரயோசனம் இல்லை. வழக்கு நீதிமன்றத்தில் நிற்காது.

நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் ஆற்றுத் தண்ணீரை ஐந்தாறு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு படிகாரம் போட்டுக் கலக்குவார்கள். எதில் சேறு நன்றாகத் திரண்டு அடியில் போகிறதோ அந்த அளவுதான் அன்றைக்கு. மழை பெய்தால் மறுபடி செய்ய வேண்டும். வீட்டில் கலங்கின கிணற்றுத் தண்ணீரில் படிகாரம் போட்ட பாட்டிகள் இருந்தார்கள் அல்லவா, அதன் அளந்து செய்யும் வடிவம் இது.

பெங்கெராங்கில் பெட்ரோனாஸும் சவுதி அராம்கோவும் சேர்ந்து கட்டிய சுத்திகரிப்பு ஆலை நாளொன்றுக்கு 300,000 பீப்பாய் எண்ணெயைச் சுத்திகரிக்கும் அளவுக்குப் பெரியது. இத்தனை பெரிய ஆலையில் எத்தனை ஆயிரம் குழாய்கள், எத்தனை வெல்டிங் இணைப்புகள்! ஒவ்வொன்றையும் அறுத்துப் பார்க்க முடியுமா? கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள் அல்லவா, அதே மாதிரி மீயொலியை இரும்புக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எக்ஸ்ரே, காமா கதிர் வைத்துப் படம் எடுப்பதும் உண்டு. பொருளை அழிக்காமல் சோதிக்கும் இந்தத் துறைக்கு என்.டி.டி. என்று பெயர். முழுக்க முழுக்க இயற்பியல். இதற்கும் நம் நாட்டில் திறன் சான்றிதழ் இருக்கிறது. ஆனால் ஒன்று. கதிர்வீச்சு வேலைக்குப் பிள்ளையை அனுப்பினால், உடம்பில் பட்ட கதிரின் அளவைக் காட்டும் பட்டையை நிறுவனம் தருகிறதா, அந்தக் கணக்கைப் பிள்ளைக்குக் காட்டுகிறதா என்று கேளுங்கள். அது சட்டப்படி உள்ள கடமை. தராத இடத்தில் ஒரு நாள்கூட வேலை செய்ய விடாதீர்கள்.

இந்த வழியில் போய்ச் சேர முடியாத இடங்களும் உண்டு. மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் சோதிக்க அங்கீகாரம் பெற்ற டிப்ளோமா வேண்டும், வேலையில் பழகினேன் என்றால் எடுக்கமாட்டார்கள். ரசாயன அறிக்கையில் கெமிஸ்ட் என்று கையெழுத்துப் போட, 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். அதற்குப் பட்டம் வேண்டும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு நுழைய வேண்டும்.

பட்டம் இல்லாதவனுக்கு அறிவியலில் என்ன இடம் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்வேன். அமெரிக்காவில் விவியன் தாமஸ் என்று ஒரு கறுப்பினத்தவர், 1910-ல் பிறந்தவர். தச்சு வேலை தெரிந்தவர். மருத்துவம் படிக்கப் பணம் சேர்த்து வைத்திருந்தார். பொருளாதார வீழ்ச்சியில் வங்கி மூழ்கியது, பணமும் போனது. வங்கி மூழ்கும் முன்பே, 1930-ல், ஆல்ஃப்ரெட் பிளாலாக் என்ற டாக்டரின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தார். அங்கேயே அறுவை சிகிச்சையைக் கற்றார். தச்சனின் கை, நூல் பிடித்தால் தப்பாது. ஆனால் பதிவேட்டில் அவர் பதவி துப்புரவாளர். என் சம்பளச் சீட்டு நினைவுக்கு வருகிறதா? பிறவியிலேயே இதயக் கோளாறால் நீலம் பாரித்துச் செத்துக்கொண்டிருந்த குழந்தைகளைக் காப்பாற்றும் அறுவை சிகிச்சையை அவர் நாய்களிடம் செய்து செய்து பழகினார். 1944 நவம்பர் 29-ஆம் தேதி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் குழந்தைக்கு அதைச் செய்தபோது கத்தியைப் பிடித்தவர் பிளாலாக். அவருக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று, தையல் எப்படிப் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் தாமஸ். புகழ் டாக்டர்களுக்குப் போனது. 1976-ல்தான் அந்தப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. கதையை அழகாகச் சொல்லி முடிக்கிறார்கள். நான் கேட்பது, நடுவில் போன அந்த முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு யார் பதில் சொல்வது?

சரி, இங்கே பெரிய தடைக்கு வருவோம். அது சிங்கப்பூர். பதினெட்டு வயதுப் பையன் காலை நான்கு மணிக்கு எழுந்து மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்தால், அங்கே சுமை தூக்கினாலும் ஒரு வெள்ளிக்கு இங்கே மூன்று ரிங்கிட்டுக்கு மேல். பழகுநராகச் சேர்ந்தால் கையில் வருவது சொற்பம். வீட்டில் வாடகை, தங்கை படிப்பு, அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. அந்தப் பையனிடம் போய், இரண்டு வருடம் பொறுத்துக்கொள் என்று நான் எந்த வாயால் சொல்வேன்? சொல்லித்தான் இருக்கிறேன், சொன்னபோது என் நாக்கு கூசியது. என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அண்ணன் போகிறான் என்றால் தம்பியாவது இங்கே பழகட்டும். ஒருவர் மாதம் கொஞ்சம் தாங்கினால் இன்னொருவர் சான்றிதழ் வாங்கலாம். அந்தச் சான்றிதழோடும் அனுபவத்தோடும் அதே பாலத்தைக் கடந்தால் சுமை தூக்கும் வேலையைத் தாண்டிக் கேட்கலாம். பெண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். என் ஆய்வகத்தில் கை நடுங்காமல் பியூரெட் பிடிக்கும் இருவரும் பெண்கள்தான். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வர நிறுவனத்தின் வேன் இருக்கிறதா என்று கேட்டு அனுப்புங்கள், அனுப்பாமல் இருக்காதீர்கள்.

அடுத்தது ஏமாற்று. பயிற்சி என்ற பெயரில் பிள்ளையை வைத்துத் தரை கூட்ட வைத்து, பெட்டி தூக்க வைத்து, இரண்டு வருடம் கழித்து வெறுங்கையோடு அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு பையன் அப்படித்தான் வந்து நின்றான். ஆகவே கையெழுத்துப் போடும் முன் அம்மா அப்பா இருவரும் போங்கள். பயிற்சி மையம் ஜே.பி.கே. அங்கீகாரம் பெற்றதா, எந்தத் துறைக்கு, எந்தப் படிக்கு என்று கேளுங்கள். ஒரு துறைக்கு அங்கீகாரம் வாங்கிவிட்டு வேறு துறைக்கு ஆள் பிடிப்பதும் நடக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 2023 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் திருத்தத்தின்படி, வேலைச் சட்டம் சொல்லும் பழகுநர் ஒப்பந்தம் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இருபத்துநான்கு மாதம். ஐந்து வருடம் கட்டிப்போடுகிறேன் என்பவரிடம் அந்தச் சட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து, கடன் நாங்களே எடுத்துத் தருகிறோம் என்று பாரத்தை நீட்டும் ஏஜெண்டிடம் கவனம். பி.டி.பி.கே. திறன் பயிற்சிக் கடன் நல்ல திட்டம்தான். ஆனால் அது உங்கள் பிள்ளை பெயரில் இருக்கும் கடன். ஏஜெண்ட் காணாமல் போனாலும் கடன் போகாது.

பிள்ளை ஒவ்வொரு நாளும் செய்த வேலையை ஒரு புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். தேதி, செய்த சோதனை, பயன்படுத்திய கருவி, பார்த்துக் கையெழுத்திட்டவர். நான் பன்னிரண்டு ஆண்டில் இரண்டே புத்தகம்தான் வைத்திருந்தேன், அதுவும் தற்செயலாகத் தப்பியது. அந்த இரண்டும் இல்லாவிட்டால் 2008-ல் மதிப்பீட்டாளர் முன்னால் வெறும் வாயோடுதான் உட்கார்ந்திருப்பேன்.

கடைசியாகப் பத்திரம். அரசாங்கப் பயிற்சி நிலையம் எதுவாக இருந்தாலும் குடியுரிமை கேட்பார்கள். நம்மில் இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருப்பவர்கள் இருக்கிறார்கள். பிறப்புப் பத்திரத்தில் குடிமகன் அல்ல என்று போட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். பதினேழு வயதில் விண்ணப்பம் நிரப்பும்போதுதான் பல குடும்பங்களுக்கு இது தெரிய வருகிறது. அப்போது ஓடினால் நேரம் போதாது. பிள்ளை ஆரம்பப்பள்ளியில் இருக்கும்போதே பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். சிக்கல் இருந்தால் இயக்கத் தோழர்களிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

படிவம் மூன்று முடித்த பிள்ளைகளுக்குத் தொழிற்கல்லூரி வழி இருக்கிறது, குளுவாங்கிலும் சிகாமாட்டிலும் இருக்கின்றன. அதைப் பற்றிப் பேச நேரம் இல்லை, ஆசிரியை அம்மா பின்னால் பேசுவார்.

அந்தக் கடைசி மேசையில் என் பழைய குறிப்பேடு இரண்டையும் வைத்திருக்கிறேன். எண்ணெய்க் கறையாக இருக்கும், தொட்டுப் பாருங்கள், பரவாயில்லை. பக்கத்தில் பியூரெட்டும் கொஞ்சம் செம்பனை எண்ணெயும் இருக்கிறது. பிள்ளைகள் வரிசையாக வந்து ஒரு தடவை செய்து பார்க்கட்டும். கரைசல் கையில் பட்டால் உடனே தண்ணீரில் கழுவ வேண்டும், கண் கண்ணாடி போடாமல் யாரையும் விடமாட்டேன். பெற்றோர்கள் அதற்குள் பிறப்புப் பத்திர நகலைத் தோழர்களிடம் காட்டிவிடுங்கள். கேள்வி இருப்பவர்கள் என்னிடம் வாருங்கள், நான் மேசைப் பக்கம்தான் நிற்பேன்.